காசிமேட்டுப் படகுகளில் அனலாக் ரேடியோவை ஆபத்துக் காலத்தில் பயன்படுத்தும் முறை

அமெரிக்கக் கிராமப்புற மாவட்டங்கள் பல தீயணைப்புக்கும் காவலுக்கும் பழைய அனலாக் ரேடியோவையே வைத்திருப்பதற்குச் செலவு மட்டுமே காரணமன்று. சிக்னல் நலியும்போது டிஜிட்டல் ஒலி சட்டென அறுந்துவிட, அனலாக்கில் இரைச்சலுக்கு நடுவிலும் பேச்சு கேட்கும். காசிமேட்டு விசைப்படகுகளில் உள்ள வி.எச்.எஃப் (மிக உயர் அலைவரிசை) ரேடியோ கருவிக்கும் இதே பலம் உண்டு. ஆண்டெனாவை இயன்றவரை உயரத்தில் பொருத்தி, இணைப்புகளில் உப்பு படியாமல் துடைத்து, கடலில் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனலை (156.8 மெகாஹெர்ட்ஸ்) எப்போதும் திறந்து வையுங்கள். உயிராபத்து நேர்ந்தால் 25 வாட் திறனுக்கு மாற்றி, 'மேடே' என்று மும்முறை கூறி, படகின் பெயர், ஜி.பி.எஸ் காட்டும் இருப்பிடம், நேர்ந்தது என்ன, எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பவற்றை நிதானமாகச் சொல்லுங்கள். பின்னர், பதற்றத்தில் மறந்துவிடாமல், பேசுவதற்காக அழுத்திய பொத்தானை விடுங்கள். அதை அழுத்தியிருக்கும்வரை பதில் கேட்காது.