கேட்ச்வெயிட்டுக்கு ஓம் சொல்ல முதல்
கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பொக்சிங் பழகிற பெடியளுக்கு இது. கேட்ச்வெயிட் எண்டா வழமையான பிரிவு எடையை விட்டிட்டு ரெண்டு பக்கமும் பேசி வச்ச எடையில அடிபடுறது, புரொபெஷனல் போட்டியளிலதான் வரும்.

ஓம் சொல்ல முதல் காலமை வெறும் வயித்தில தராசில ஏறி நிண்டு உங்கட சாதாரண எடையைப் பாருங்கோ. உதாரணத்துக்கு, 2009இல பிலிப்பைன்ஸ் பொக்சர் பக்கியாவோவுக்கும் புவேர்ட்டோ ரிக்கோ பொக்சர் கோட்டோவுக்கும் நடந்த சண்டை 147 றாத்தல் பிரிவுப் பட்டத்துக்கு, ஆனா 145இல வச்சவை, கோட்டோ 12ஆம் ரவுண்டில தோத்தார். அந்த 2 றாத்தல் குறைச்சதாலதான் தோத்தவர் எண்டு நான் சொல்லமாட்டன், பக்கியாவோ அண்டைக்கு அந்த மாதிரி அடிச்சவர்.

எவ்வளவு குறைக்கிறீங்கள் எண்டதோட எப்பிடிக் குறைக்கிறீங்கள் எண்டதும் முக்கியம். கிழமைக்கணக்கில சாப்பாட்டால மெல்லமா இறக்கினா பெரிசா தெரியாது, கடைசி நாளில தண்ணி குடிக்காம ஜக்கெட்டையும் போட்டு எங்கட வன்னி வெய்யில்ல ஓடி வேர்த்து இறக்கினா இதயம் படபடவெண்டு அடிச்சு பிந்தின ரவுண்டுகளில கால் நிக்காது, தலையில விழுற அடியும் கூட ஆபத்து (ஆக்கள் மயங்கி விழுந்தும் இருக்கினம்). எடை பார்த்து முடிஞ்ச பிறகு ஒரேயடியா குடிக்காம ஜீவனியோ (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புத்தூள்) இளநியோ கொஞ்சம் கொஞ்சமா குடியுங்கோ, பிறகு சோறு. சில ஒப்பந்தத்தில அடுத்தநாள் எடைக்கும் லிமிட் இருக்கும், அதை வாசிக்காம கையெழுத்து வைக்காதேங்கோ.