சர்வாதிகாரம்னா என்னவென்று பிள்ளைகள் கேட்டால்

அகராதி விளக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள், இரண்டாவது வரியிலேயே பிள்ளை எழுந்து போய்விடும். விளையாட வையுங்கள். நாலைந்து பிள்ளைகள், அதில் ஒருவர் தலைவர், அரை மணி நேரம். யார் அவுட், விதியை எப்போது மாற்றுவது, எல்லாமே தலைவர் வைத்ததுதான் சட்டம். எதிர்த்துப் பேசினால் வெளியே உட்கார வேண்டும். பத்தே நிமிடத்தில் சண்டை வரும், வரட்டும்.

முடிந்ததும் "பிடிச்சிருந்ததா?" என்று கேட்டுப் பயனில்லை, தலைவருக்குப் பிடித்துத்தான் இருந்திருக்கும். மற்றவர்களிடம் "தப்புன்னு தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?" என்று கேளுங்கள். "வெளியே அனுப்பிடுவான்" என்பார்கள். சரி, இப்போது கதைக்குப் போகலாம்.

எனக்குக் கைகொடுப்பது சிட்டுக்குருவிக் கதை. 1958-இல் சீனாவில் மாவோவின் ஆட்சி எலி, ஈ, கொசுவோடு சிட்டுக்குருவியையும் ஒழிக்கச் சொன்னது, தானியத்தைத் தின்கிறதாம். மக்கள் கையில் கிடைத்த பாத்திரத்தையெல்லாம் தட்டித் தட்டி, எங்கேயும் உட்காரவிடாமல் விரட்ட, குருவிகள் களைத்து விழுந்து செத்தன. குருவி பயிரைக் கெடுக்கும் பூச்சியையும் தின்னும் என்று அறிஞர்கள் சொன்னது மேலே இருப்பவர்கள் காதில் ஏற இரண்டு வருடம் ஆனது. 1960-இல்தான் குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைப் பட்டியலில் சேர்த்தார்கள். அதே வருடங்களில் வந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் இறந்ததையும், அதற்குக் குருவிகளை ஒழித்தது பல காரணங்களில் ஒன்றுதான் என்பதையும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளிடம் சொல்லலாம். இங்கே கதையை நிறுத்திவிட்டு, "தான் செய்தது தப்புன்னு அந்தத் தலைவருக்கு யார் போய்ச் சொல்வாங்க?" என்று மட்டும் கேளுங்கள்.

சின்னக் குழந்தைகளுக்கு மத்திய ஆசிய நாடான துர்க்மெனிஸ்தானின் கதை போதும். அதிபர் நியாசோவ் 2002-இல் மாதங்களின் பெயரையே மாற்றினார், ஜனவரிக்குத் தன் பட்டப்பெயர், ஏப்ரலுக்குத் தன் அம்மா பெயர். சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், அங்கே யாரும் சத்தமாகச் சிரித்திருக்க முடியாது என்று சொல்லுங்கள்.

தலைவரை ஒற்றை அரக்கனாகக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. படை, போலீஸ், கையெழுத்துப் போடும் அதிகாரிகள், தலையாட்டும் ஆட்கள் இல்லாமல் அவரால் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது.

அப்புறம் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "வீட்டுல நீங்களும் அப்படித்தானே?" மழுப்பாதீர்கள். சில விஷயங்களில் ஆமாம், ஆனால் எங்களுக்கும் மேலே சட்டம் இருக்கிறது, நீ ஏன் என்று கேட்கலாம், வளர்ந்த பிறகு இந்த அதிகாரம் எங்களிடம் இருக்காது என்று சொல்லுங்கள். அன்று ராத்திரியே தூங்கும் நேரத்தைப் பற்றி "ஏன்?" வரும், தயாராக இருங்கள்.