முருங்கைக்காயாக நீண்ட புள்ளி

பெங்களூரில் எங்கள் ஆய்வகத்தில் ஒரு பெட் (PET) ஸ்கேனரை, அதாவது உடலுக்குள் செலுத்திய கதிரியக்க மருந்து எங்கே சேர்கிறது என்று படமெடுக்கும் கருவியை, வழக்கமான வளையமாக இல்லாமல், எதிரெதிரே 2 தட்டுகளாகக் கட்டினோம். மருத்துவர் பக்கவாட்டில் கை நுழைத்து ஊசி போட இடம் வேண்டும் என்பதுதான் ஆசை. முதல் சோதனையில் புள்ளியளவு கதிரியக்க மூலம் ஒன்றை (சோடியம்-22) வைத்தால், படத்தில் முருங்கைக்காய்! தட்டுக்குத் தட்டு நீண்டு கிடந்தது.

பக்கவாட்டில் டிடெக்டர் இல்லாததால் அந்தக் கோணங்களில் தகவலே வராது. கொஞ்சம் நீளும், தெரியும். ஆனால் மூலத்திலிருந்து ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் கிளம்பும் 2 ஃபோட்டான்களும் (ஒளித்துகள்கள்) வந்துசேரும் நேர வித்தியாசம், புள்ளி எந்தத் தட்டுக்கு அருகில் என்று சொல்லிவிடும்; அதைச் சேர்த்த பிறகும் இவ்வளவா? இரண்டு வாரம் மென்பொருளைத் திட்டித் தீர்த்தேன். கடைசியில் பார்த்தால் கேபிள். ஒரு தட்டில் சில சேனல்களுக்கு (டிடெக்டரின் சிக்னல் வழிகளுக்கு) மட்டும் 20 செ.மீ. நீளம் கூடுதல். சிக்னல் சுமார் 1 நானோ வினாடி பிந்தும். புள்ளி 15 செ.மீ. தள்ளிப்போகும். மாட்டியவனும் நான்தான்.

மூலத்தைச் சரியாக நடுவில் வைத்து, ஒவ்வொரு சேனலின் பிந்தலையும் அளந்து கழித்தேன். முருங்கைக்காய் கத்தரிக்காய் ஆனது. அப்புறம் சோதனைப் பொருளை 90 டிகிரி திருப்பி இன்னொரு முறை எடுத்து, இரண்டையும் சேர்த்ததும் உருண்டையாக வந்தது. நோயாளியை அப்படித் திருப்ப முடியாதே! தட்டுகளையே சுழற்ற, எஸ்.பி. ரோடு மின்னணுக் கடைகளில் மோட்டார் தேடிக்கொண்டிருக்கிறேன்.