பாசிக்குடாவிலும் அறுகம்பேயிலும் பார் வேலைக்குப் போகிறவர்களுக்கு: தாள்களும் கணக்குகளும்

இலங்கையில் மதுபானம் பரிமாறுகிறவருக்கென்று தனி அனுமதிப்பத்திரம் கிடையாது. லைசன்ஸ் இடத்துக்குத்தான். 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருடா வருடம் எடுப்பது. டிசம்பர் 31 உடன் காலாவதி. அதனால் வேலைக்குப் போகும் முதல் நாளே அதைக் கேட்டு வாங்கி வாசியுங்கள்: எந்த வருடம், எந்த வகை, எந்த நேரம், எந்தக் கட்டடம். வகையைச் சொல்வது எஃப்.எல். எண்: எஃப்.எல். 4 என்றால் கடை. போத்தலை மூடியபடி கொடுத்தனுப்பலாம், அங்கேயே குடிக்க விட முடியாது. ஹோட்டலுக்கு எஃப்.எல். 7, உணவகத்துக்கு எஃப்.எல். 11. லைசன்ஸே இல்லாத கெஸ்ட் ஹவுசில் "சோறு கறியோட ஒரு பியர்தானே" என்று கொண்டுபோய் வைத்தாலும் அது சட்டவிரோத விற்பனை. முதலாளி கொழும்பில் இருப்பார், பிடிபடுவது தட்டைத் தூக்கினவர்.

பயிற்சி கட்டாயமில்லை என்றாலும் நல்ல ஹோட்டல்கள் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் கேட்கும். சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்திலோ தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ உணவு, பான சேவைப் பாடநெறி படிக்கலாம். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்கள் வகுப்புக்குப் போகாமலே நைட்டா என்ற அரச தொழிற்பயிற்சி நிறுவனம் மூலம் முன்னனுபவ மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குச் சேவைக் கடிதம் வேண்டும். சீசன் முடிந்து ஒக்டோபரில் கணக்குத் தீர்க்கும் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். அடுத்த வருடம் மனேஜர் மாறியிருப்பார்.

வெளிநாடு போகிற நினைப்பு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே இடத்துக்கு மட்டுமல்ல, பரிமாறுகிற ஆளுக்கும் சான்றிதழ் வேண்டும். அவுஸ்திரேலியாவில் ஆர்.எஸ்.ஏ., கனடாவின் ஒன்ராறியோவில் ஸ்மார்ட் சேர்வ். என்.வி.கியூ. அவற்றுக்கு ஈடாகாது.

இனி வயது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்க முடியாது. தன் நாட்டில் 18 வயதிலேயே குடிக்கலாம் என்று சொல்லும் வெள்ளைக்காரப் பிள்ளைக்கும் அதே சட்டம்தான், பாஸ்போட்டைப் பாருங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் போனில் அடையாள அட்டைப் படத்தைக் காட்டுவார்கள். படத்தில் திகதியை மாற்றுவது சுலபம், இலக்கத்தை மாற்ற மறந்துவிடுவார்கள். 12 இலக்க எண்ணின் முதல் நான்கும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 2005123 என்று தொடங்கினால் 2005 மே 2. பெண்ணென்றால் 500 கூட்டி 2005623 என்று வரும். பெப்ரவரிக்கு எந்த வருடமும் 29 நாள் என்றே எண்ண வேண்டும். 28 என்று எண்ணினால் மார்ச்சிலிருந்து ஒரு நாள் பிசகும். எண்ணும் திகதியும் ஒத்துவராவிட்டால் அசல் அட்டையைக் கேளுங்கள். அசல் இல்லையென்றால் சோடா மட்டும்.

அளவுக் கிண்ணம் இல்லாமல் ஊற்றாதீர்கள். 750 மி.லீ. போத்தலில் 50 மி.லீ. வீதம் 15 வரும். கண்மட்டத்தில் 60 ஊற்றினால் 12 தான் தேறும், இரவு இருப்புக் கணக்கில் குறைவது உங்கள் சம்பளத்தில் வெட்டாகி நிற்கும். அதைவிடப் பெரிய பிழை, பியரை இலேசாக எண்ணுவது. 33.5 சதவீதச் சாராயம் 50 மி.லீ.யில் சுத்த மதுசாரம் 16.75 மி.லீ. 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர் 625 மி.லீ. போத்தலில் 55 மி.லீ. அதாவது ஒரு போத்தல், மூன்று சாராயத்துக்கும் மேல். "ரெண்டு பியர்தான் குடிச்சவர்" என்று சொல்லும்போது இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும்.

நாக்குத் தடிப்பது, காசை எண்ணி எண்ணிப் பிழைவிடுவது, பக்கத்து மேசையோடு சத்தமாகக் கதைப்பது: இந்தக் கட்டத்திலேயே அடுத்ததைத் தாமதப்படுத்தி, தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோய் வையுங்கள். தள்ளாடத் தொடங்கிய பிறகு நிறுத்தினால் சண்டைதான். மறுக்கும்போது கூட்டத்துக்கு முன்னால் சொல்லாமல், அருகில் குனிந்து, "அண்ணை, இன்றைக்கு இது காணும், ஓட்டோ ஒன்று கூப்பிடவா?" என்றால் பெரும்பாலும் எழும்பிவிடுவார். தேசிக்காய்த் தண்ணீரும் கறுப்புக் கோப்பியும் வெறியை இறக்காது. நேரம் மட்டும்தான் இறக்கும். அதனால் மோட்டார் சைக்கிள் சாவியைக் கோப்பியை நம்பித் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

போயா தினங்களில் விற்பனை இல்லை. ஒக்டோபர் 3, மதுவிலக்கு நாளிலும் இல்லை. எசல, நிக்கினிப் போயாக்கள் சரியாகச் சீசன் நடுவில் வரும். முதல் நாளே விருந்தாளிகளுக்குச் சொல்லி வையுங்கள். பியரைத் தேநீர்க் கேத்தலில் ஊற்றிக் கொடுக்கும் வித்தை மதுவரிக்காரருக்கும் தெரியும்.

பெண்கள் இந்த வேலைக்கு வருவதானால் வேறொன்றையும் பார்க்க வேண்டும். மதுபான விற்பனையில் பெண்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்த 1979 ஆம் ஆண்டு அறிவித்தலை 2018 ஜனவரியில் நீக்கி, சில நாளிலேயே அந்த நீக்கத்தையும் ரத்துச் செய்தார்கள். நியமனக் கடிதத்தில் பதவியின் பெயர் என்னவென்று எழுதியிருக்கிறது, இன்றைய வர்த்தமானி என்ன சொல்கிறது என்பதை மதுவரி அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

சரக்கு இறங்கும்போது ஒவ்வொரு போத்தலிலும் மதுவரி ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் இருப்புப் புத்தகத்தில் பதிய வேண்டும். வெறும் போத்தல்களை லேபலைக் கிழித்து அப்புறப்படுத்துங்கள். முழு லேபலோடு வெளியே போகும் போத்தல் கசிப்பு (கள்ளச் சாராயம்) நிறைந்து திரும்பி வரும்.