போஸ்டர் போட்டதும் வேலை முடிந்துவிடாது: கல்லூரிச் செய்திப் பகிர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரியின் சமூக ஊடகப் பக்கங்களைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களைப் பார்த்தால், பழைய நானே எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. எழுத்துப்பிழை, மங்கலான படம், விருந்தினர் பெயரை மாற்றிப் போடுவது எல்லாவற்றுக்கும் அன்றே யாராவது திட்டிவிடுவார்கள். அவற்றை விடுங்கள்.

படமாக மட்டும் அறிவிப்பது

இதைத்தான் இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தேர்வோ, கட்டணக் கெடுவோ, கருத்தரங்கோ, அழகாக ஒரு போஸ்டர் செய்து ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் போட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருமுறை கனமழையால் தேர்வைத் தள்ளிவைத்தோம். "நாளைய தேர்வு ஒத்திவைக்கப்படுகிறது" என்று கொட்டை எழுத்தில், கல்லூரி முத்திரையோடு ஒரு படம் போட்டேன். தேதி இல்லை, ஆண்டும் இல்லை. அடுத்த ஆண்டு தேர்வுக்கு முந்தின இரவு லேசாகத் தூறியது. யாரோ அந்தப் படத்தைத் தோண்டியெடுத்துக் குழுவில் போட்டுவிட, காலையில் தேர்வு அறையில் பாதி இருக்கை காலி. "கல்லூரி அறிவித்ததுதானே?" என்று மாணவர்கள் கேட்டபோது என்ன சொல்வது? முத்திரை எங்களுடையது, எழுத்துரு நான் தேர்ந்தெடுத்தது. மறுதேர்வுக்கு வினாத்தாள் தயாரித்தவர்கள் வெகுநாள் என் முகத்தில் விழிக்கவில்லை.

கையை விட்டுப் போன படத்தைத் திருத்த முடியாது. படத்தில் என்ன இருக்கிறது என்று விவரிக்கும் மாற்று உரையைச் சேர்க்கவில்லையென்றால், பார்வையற்ற மாணவருக்குத் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். தளத்தின் புதுச் செய்திகளைத் தானாகவே கொண்டுவந்து தரும் ஆர்எஸ்எஸ் (RSS) ஓடையில் படிப்பவருக்குத் தலைப்பும் ஒரு சதுரமும்தான் கிடைக்கும்.

சரி, எப்படிச் செய்வது? முதலில் கல்லூரித் தளத்தில் எழுத்தாகவே போடுங்கள், ஆண்டோடு சேர்த்துத் தேதி எழுதி. அப்புறம் அந்த இணைப்பைப் பகிருங்கள். போஸ்டர் வேண்டுமென்றால் அதிலும் முழுத் தேதி இருக்கட்டும். தேதி மாறினால் புதுப் பக்கம் தொடங்காமல், அதே பக்கத்தின் மேலே திருத்தத்தை எழுதுங்கள். பழைய இணைப்பை வைத்திருப்பவரும் புதுத் தேதியைப் பார்ப்பார். இன்ஸ்டாகிராமில் பதிவுக்குக் கீழே எழுதும் முகவரி தட்டினால் திறக்காது, சுயவிவரத்தில் வையுங்கள்.

எல்லாத் தலைப்பும் "முக்கிய அறிவிப்பு"

எது முக்கியம் என்று தலைப்பிலேயே சொல்லுங்கள்.

280 எழுத்துக் கணக்கு

எக்ஸ் தளத்தின் இலவசக் கணக்கில் 280 எழுத்து என்பது தமிழுக்கு அவ்வளவு தாராளம் இல்லை. "கி" நமக்கு ஓர் எழுத்து, அதன் கணக்கில் இரண்டு. தேதியை முதல் வரியிலேயே வையுங்கள்.

கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும்

அவர் வேலை மாறுவார்.

தானியங்கியை நம்பித் தூங்குவது

தளத்தின் ஆர்எஸ்எஸ் ஓடையைப் பார்த்து, புதுச் செய்தியைச் சமூக ஊடகப் பக்கங்களில் தானாகவே போடும் பகிர்வுக் கருவிகள் உண்டு. ஓடையில் பொதுவாக ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அடையாளக் குறி இருக்கும். எது புதிது, எது பழையது என்று கருவி பெரும்பாலும் அதை வைத்துத்தான் பிரிக்கிறது. நாங்கள் தள முகவரியை மாற்றியபோது குறிகளும் மொத்தமாக மாறிவிட்டன. பழசையெல்லாம் புதிதென்று நினைத்த கருவி, விடிய விடியப் பகிர்ந்து தள்ளியது. எப்போதோ ஓய்வுபெற்றுப் போனவருக்கு மறுபடி பிரிவு உபசார விழா. காலையில் அவரே தொலைபேசியில் அழைத்து எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார். தளம் மாறும் நாளில் கருவியை அணைத்துவிடுங்கள். பழைய குறிகள் அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மறுபடி இயக்கலாம்.