புத்தகத்தைத் திறக்கவே மனசு வரலையா? எஸ்.பி.எம் பிள்ளைகளுக்கான செய்முறை விளக்கம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில், எங்கள் வீட்டுக்கு மாலையில் பாடம் கேட்க ஐந்தாம் படிவப் பிள்ளைகள் சிலர் வருகிறார்கள். அந்தப் படிவத்தின் முடிவில் எழுதும் அரசுத் தேர்வுதான் எஸ்.பி.எம். அவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது கணக்கோ அறிவியலோ இல்லை. "அக்கா, படிக்கணும்னு தெரியுது, ஆனா உட்காரவே முடியல. என்ன செய்யறது?" என்பதுதான். எனக்கும் இந்தத் தொல்லை ஆறாம் படிவம் வரை இருந்தது. ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்.டி.பி.எம் தேர்வில் மூன்று தவணைகளுக்கும் தனித்தனியாகத் தேர்வு உண்டு, நடுவில் பொதுப் பாடத்துக்கான இடுபணியும் வந்து நிற்கும். அந்த நெருக்கடியில் எனக்குப் பலித்த முறையை, பிள்ளைகளோடு சேர்ந்து இன்னும் கொஞ்சம் செதுக்கி இங்கே எழுதுகிறேன்.

நன்றாகத் தூங்குங்கள், அட்டவணை போடுங்கள் என்பதையெல்லாம் பள்ளியிலேயே சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. தள்ளிப்போடுகிற பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள், உங்களையும் திட்டிக்கொள்ளாதீர்கள். ஃபியூஷியா சிரோவா, திமொத்தி பிச்சில் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2013இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார்கள். அந்த வேலையை நினைத்தாலே வருகிற பயம், சலிப்பு, குழப்பம் ஆகியவற்றிலிருந்து அந்த நேரத்துக்குத் தப்பிக்கத்தான் நாம் வேலையைத் தள்ளிவைக்கிறோம். அதனால்தான் புது அட்டவணை போட்டாலும் ஒன்றும் மாறுவதில்லை. நேரம் இருக்கும், ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் வயிற்றைப் பிசையும்.

படி 1: எந்தப் பக்கம் என்று கண்டுபிடியுங்கள்

பாடத்தின் பெயர் போதாது, பக்கம் வேண்டும். கூடுதல் கணிதம் பிடிக்கவில்லை என்பார்கள். உட்கார வைத்துக் கேட்டால் வகையீடு மட்டும்தான் புரியாமல் இருக்கும், மற்றதெல்லாம் சுமாராகப் போடுவார்கள். அந்தப் பக்க எண்ணை ஒரு சீட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள்: "முந்தின அத்தியாயம் புரியல", "மலாய்ச் சொற்கள் கனமா இருக்கு". இதற்கு மேல் இந்தப் படியில் ஒன்றுமில்லை.

படி 2: வேலையைக் கைக்கு அடங்கும் அளவுக்கு வெட்டுங்கள்

எல்லோரும் சறுக்குவது இந்தப் படியில்தான். எனக்குப் பிடிபட அதிக நாள் எடுத்ததும் இதுவே. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 2013 முதல் வரலாற்றில் தேர்ச்சி பெறாவிட்டால் எஸ்.பி.எம் சான்றிதழ் கிடையாது, மலாய்மொழியைப் போலவே. அதனால் பயமும் அதிகம், தள்ளிப்போடுவதும் அதிகம். "இன்று வரலாறு படிக்க வேண்டும்" என்று எழுதினால் அதைப் பார்த்ததும் மனம் ஓடிவிடும். "நான்காம் படிவ அவசரகால அத்தியாயம்" (மலாயாவில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் பற்றியது) என்று எழுதினால்? அதுவும் பெரிசுதான். "குறிப்பு எடுக்கணும்" என்றால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரியாது. சீட்டில் இப்படி எழுதுங்கள்: "அவசரகால அத்தியாயத்தைத் திற. 1948 ஜூன் பற்றிய பத்தியை ஒரு முறை வாசி. புத்தகத்தை மூடு. ஞாபகம் இருக்கும் மூன்று விஷயத்தைத் தாளில் எழுது." பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

எழுதிய வேலை சரியான அளவா என்று பார்க்க நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் சோதனை இது. அந்தச் சீட்டை உங்கள் தம்பியிடமோ தங்கையிடமோ கொடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து உங்கள் மேசையை எட்டிப் பார்த்து, "முடிச்சாச்சு" அல்லது "இன்னும் முடிக்கல" என்று அவர்களால் சொல்ல முடியவேண்டும். அவர்கள் விழித்தால் வேலை இன்னும் பெரிதாகவே இருக்கிறது. மறுபடி வெட்டுங்கள். வரியின் முடிவில் திற, எழுது, வரை, போடு என்று கை செய்கிற வேலை வரட்டும். "புரிந்துகொள்", "கவனம் செலுத்து" என்பதெல்லாம் வேண்டாம்.

எந்தப் பத்தியில் தொடங்குவது? முதல் அத்தியாயத்தில் வேண்டாம் என்பேன். எல்லோரும் ஒவ்வொரு முறையும் அங்கேயே தொடங்குவதால்தான் முதல் அத்தியாயம் மட்டும் மனப்பாடமாகி மற்றவை தூசி படிந்து கிடக்கின்றன. உங்களுக்கு ஏதாவது பிடி இருக்கும் இடத்தில் தொடங்குங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அவசரகால அத்தியாயத்தைக் கொடுப்பதற்கு அதுதான் காரணம். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டுக்கு அருகே எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தாத்தா பாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தோட்டங்களின் கதை பாடப்புத்தகத்துக்குள் வருகிறது என்று தெரிந்ததும் ஒரு பையன் அந்த அத்தியாயத்தைத் தானாகவே முடித்துவிட்டு வந்தான். உங்கள் ஊர் பீடோராகவோ பஹாவாகவோ இருந்தாலும் ஏதாவது ஒரு பக்கம் உங்களுக்கு நெருக்கமாக இருக்கும். தேடிப் பாருங்கள்.

இங்கே இன்னொரு பொறியும் உண்டு. ஐந்து வண்ணப் பேனா வாங்கி, தலைப்புக்கெல்லாம் நிழல் போட்டு, அழகழகாகக் குறிப்பு எழுதுவது. பார்க்க உழைப்பு மாதிரி இருக்கும். உண்மையில் இதுவும் தள்ளிப்போடுவதுதான், ஏனென்றால் கஷ்டமான பகுதி, அதாவது நினைவிலிருந்து எடுத்து எழுதுவது, நடக்கவே இல்லை. ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்களைவிட, ஒரு முறை வாசித்துவிட்டுத் தாங்களே நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள். ஒரே நிறப் பேனா போதும். மிச்சக் காசுக்குப் பழைய தேர்வுத் தாள் வாங்குங்கள்.

படி 3: எதற்குப் பின்னால் என்று முடிவு செய்யுங்கள்

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதியது இன்றும் உதவுகிறது. "படிப்பேன்" என்று உறுதி எடுப்பதைவிட, "இது நடந்ததும் இங்கே உட்கார்ந்து இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள். பலர் இதை "7.30க்குப் படிப்பேன்" என்று கடிகாரத்தோடு கட்டிவிடுகிறார்கள். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை பார்ப்பவர்கள் உள்ள வீட்டில் கடிகாரம் நம் பேச்சைக் கேட்காது. அப்பா ஒரு நாள் ஆறுக்கு வருவார், ஒரு நாள் எட்டுக்கு. ஓவர்டைம் இருந்தால் சாப்பாடே தள்ளிப்போகும். அதனால் தினமும் நடக்கிற ஒரு காரியத்தோடு கட்டுங்கள்: "சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் சமையலறை மேசையில் சீட்டை எடுப்பேன்." தட்டு எத்தனை மணிக்குக் கழுவினாலும் சரி.

படி 4: கைக்கடிகாரமோ சமையலறைக் கடிகாரமோ, கைப்பேசி மட்டும் வேண்டாம்

மலிவு விலைக் கடையில் முறுக்கி வைக்கும் சமையலறைக் கடிகாரம் கிடைத்தால் வாங்குங்கள். 1980களின் கடைசியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துத்தான் 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்ற முறையை உருவாக்கினார். புதிதாகத் தொடங்குபவருக்கு 25 அதிகம் என்பது என் கருத்து. 10 நிமிடம் வையுங்கள். மணி அடித்ததும் எழுந்துவிடலாம் என்று தெரிந்தால்தான் உட்கார மனசு வரும். பெரும்பாலும் எழுந்திருக்க மாட்டீர்கள்.

கவனத்தைக் காக்கும் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அதைத் திறக்கக் கைப்பேசியை எடுத்தாக வேண்டும், எடுத்தால் புலனத்தில் (வாட்ஸ்அப்) சிவப்பு எண் தெரியும். கைப்பேசி அம்மாவிடம் இருக்கட்டும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த பலர், "அக்கா, வீட்டுப்பாடமே ஆசிரியர் புலனக் குழுவில்தான் அனுப்புகிறார், எப்படிக் கைப்பேசி இல்லாமல் படிப்பது?" என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி, நான் முதலில் எழுதியபோது இதைச் சேர்க்கவில்லை. பள்ளிவிட்டு வந்ததும் ஒரே தடவையில் கேள்விகளைக் கையால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நீளமாக இருந்தால் ஊர்க் கடையில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கைப்பேசி தேவைப்படாது.

இன்னொருவர் வீட்டில் உட்கார இடமே இல்லை, கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருக்கிறது என்று எழுதியிருந்தார். தோட்டத்துப் பள்ளிப் பேருந்தில் வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது: பள்ளி மணி அடிப்பதற்கு வெகு நேரம் முன்னாலேயே பேருந்து உங்களை இறக்கிவிடும். அந்த நேரத்தில் சிற்றுண்டிச்சாலை மேசையில் ஒரு சீட்டை முடிக்கலாம். மாலையில் கோவில் மண்டபத்தைக் கேட்டுப் பாருங்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

படி 5: கெடு வைத்து, இன்னொருவரிடம் கொடுங்கள்

எஸ்.பி.எம்முக்கு முன் பள்ளியில் நடக்கும் முன்னோட்டத் தேர்வுக்கு இத்தனை வாரம் இருக்கிறது என்று எல்லாவற்றையும் கடைசிக்கு விடாதீர்கள். ஆரியலி, வெர்ட்டன்புரோக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், சம இடைவெளியில் வெளியிலிருந்து கெடு வைக்கப்பட்டவர்கள் வேலையை நன்றாகச் செய்தார்கள். தங்களுக்குத் தாங்களே கெடு வைத்தவர்கள் அதற்குக் கொஞ்சம் கீழே, ஒரே கடைசி நாள் மட்டும் இருந்தவர்கள் இன்னும் கீழே. அதனால் கெடு வைக்கும் வேலையை வகுப்புத் தோழியிடம் கொடுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை, காலையில் பள்ளியில், முடித்த தாளைக் காட்ட வேண்டும். பெற்றோரிடம் கொடுக்காதீர்கள் என்பது என் அனுபவம். அவர்களின் கவலை நம் பயத்தோடு சேர்ந்துகொள்ளும்.

படி 6: விட்டுப்போன நாளுக்கு

விட்டுப்போகும். மைக்கேல் வோல், பிச்சில், ஷானன் பென்னட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களிடம் பார்த்து 2010இல் வெளியிட்டது: முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். எனவே விட்டுப்போன சீட்டைச் சேர்த்து இரண்டாகச் செய்யாதீர்கள். இன்றைய சீட்டு ஒன்று மட்டும்.

தீபாவளி வாரம் தனிக் கணக்கு. பலகாரம் சுடுவது, திறந்த இல்ல உபசரிப்பு, ஈப்போவிலிருந்து வரும் சித்தப்பா வீட்டார் என்று எவ்வளவு முயன்றாலும் படிப்பு நடக்காது, நடக்கவும் வேண்டாம். மாவு அரைக்கத் தொடங்கும் நாளுக்கு முன்பே, திரும்பி வந்ததும் செய்யப்போகும் முதல் வேலையைச் சீட்டில் எழுதி அந்தப் பக்கத்தில் செருகிவிடுங்கள். வழக்கத்தைவிட இன்னும் சிறிதாக இருக்கட்டும்: ஒரு பத்தி, ஒரு கேள்வி. விருந்தாளிகள் கிளம்பிய மறுநாள் தட்டைக் கழுவியதும் அதைத்தான் எடுக்க வேண்டும். விட்டதையெல்லாம் பிடிப்பதற்கான புது அட்டவணையை அன்று போடாதீர்கள்.