ஆறாம் நாள் நின்றுபோன கவிதை

ஏப்ரல் முழுக்க நாளுக்கு ஒரு கவிதை எழுதுவது, அமெரிக்கக் கவிஞர் மொரீன் தார்சன் 2003இல் தொடங்கிய பழக்கம். போன ஏப்ரலில் நானும் உட்கார்ந்தேன். நோட்டில் 30 தலைப்புகளை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன்: காதல், மழை, பிரிவு, தனிமை... ஐந்து நாள் ஓடியது. ஆறாம் நாள் 'தனிமை'. இரவு பதினொன்று வரை ஒரு வரி நகரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை தலைப்புகளை எல்லாம் அடித்தேன். இனி கையால் தொடக்கூடிய பொருள்தான் தலைப்பு. 'தனிமை' இருந்த இடத்தில் 'பாட்டியின் மூக்குக்கண்ணாடி' என்று எழுதினேன். உடைந்த காம்பில் பாட்டி கறுப்பு நூல் சுற்றியிருப்பார். அலமாரியிலிருந்து எடுத்து அந்த நூலைத் தடவிப் பார்த்தேன். அரைமணி நேரத்தில் வந்துவிட்டது:

நூல் சுற்றிய காம்பில்
இன்னும் தேங்காயெண்ணெய் வாசம்.
படிக்க ஆளில்லாமல்
நாள்காட்டி கிழிகிறது.

அப்புறம் அந்தாதியைப் பிடித்துக்கொண்டேன். இன்றைய கவிதை முடியும் சொல்லில் நாளைய கவிதை தொடங்க வேண்டும். 'கிழிகிறது' என்று முடித்ததால் அடுத்த நாள் 'கிழிந்த குடை' என்று ஆரம்பித்தேன். வெற்றுத் தாளைப் பார்க்கும் பயம் அதோடு போயிற்று. முதல் சொல் முந்தைய இரவே கையில் இருக்கிறதே! மரபு வடிவம் இவ்வளவு கைகொடுக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நடுவில் காய்ச்சலில் இரண்டு நாள் விட்டுப்போயிற்று. சேர்த்து எழுதவில்லை, விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தேன். மாதக் கடைசியில் 27 கவிதைகள். மூக்குக்கண்ணாடிக் கவிதையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.